எண்ணெய் அமுக்கம் எங்கே பிறக்கிறது?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கித் துருப் போக்கி, வர்ணம் பூசி, மீண்டும் தெருவில் ஓடச் செய்வது இன்று பல நாடுகளில் கற்றோரும் தொழிலாளரும் ஒருங்கே ஈடுபடும் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. இவர்களுட் பலர் புதுப்பிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்திய எஞ்சினை இன்றைய பெருந்தெருக்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யவேண்டும் என்ற ஆசையும் உடன் எழுகிறது. நெருக்கல் விகிதம் கூடிய பிஸ்டன்களையும் இரட்டைக் கார்பரேற்றர்களையும் பொருத்துகின்றனர். எஞ்சின் உறுமுகிறது, உரிமையாளரின் உள்ளம் பூரிக்கிறது. சில நூறு மைல் ஓடிய பின்னர், எஞ்சின் நன்கு சூடேறிய ஒரு பொழுதில், எண்ணெய் அமுக்கமானியின் முள் மெல்லச் சரிந்து பூச்சியத்தை நாடுகிறது.

அந்த முள்ளின் சரிவை அலட்சியம் செய்தால் நேர்வது என்ன? பிஸ்டனையும் கிராங் தண்டையும் இணைப்பதும், பட்டறைக்காரர் 'கொன்றொட்' என்று அழைப்பதுமான இணைப்புத் தண்டின் கீழ்முனை, எண்ணெயின்றிக் காய்ந்து பற்றிக்கொள்ளும். பற்றிய தண்டு முறிந்தால் எஞ்சினின் அலுமினியப் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். எஞ்சின் திடீரென இறுகினால் பின்சில்லும் இறுகும். அறுபது மைல் வேகத்தில் செல்லும் ஒருவனுக்குப் பின்சில்லு இறுகுவது என்றால் என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தச் சிறிய முள் ஓர் உயிரின் காவற்காரன்.

பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கும் இந்த விடயம் பயன்படும். பாடநூலில் நாம் படிக்கும் அமுக்கம், பாய்ச்சல், பாகுமை ஆகிய மூன்றும் ஓர் எஞ்சினின் வயிற்றுக்குள் எவ்வாறு ஒன்றையொன்று ஆட்டிப்படைக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. உதாரணத்துக்கு ஒரு குறிப்பிட்ட எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தில், ஸ்மோல் ஹீத் என்னுமிடத்தில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஏ-65' என்னும் இரட்டை உருளை எஞ்சினே அது.

'பி.எஸ்.ஏ.' என்ற மூன்றெழுத்தை நம்மவருட் பலர் முதலிற் கண்டது துவிச்சக்கர வண்டியிலாய் இருக்கலாம். துப்பாக்கி செய்வோர் கூடி 1861இல் அமைத்த அந்தக் கம்பனி பின்னர் துவிச்சக்கர வண்டிக்கும், 1910 முதல் மோட்டார் சைக்கிளுக்கும் புகழ்பெற்றது. 1950ஆம் ஆண்டு மாதிரியாக அது வெளியிட்ட 'கோல்டன் பிளாஷ்' 646 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ளது. உருளையின் விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 84 மில்லிமீற்றர். அதன் வழித்தோன்றலான ஏ-65இல் இவ்வளவுகள் 75ஆகவும் 74ஆகவும் மாறின. கொள்ளளவு 654 ஆயிற்று. ஓட்டம் குறுகியதால் எஞ்சின் கூடிய வேகத்திற் சுழல வல்லதாயிற்று. முதன்முதல் வந்த ஏ-65இன் நெருக்கல் விகிதம் 7.5, நிமிடத்துக்கு 5,800 சுழற்சியில் 38 குதிரைவலு தந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1966இல் வந்த 'ஸ்பிற்பயர்' மாதிரியில் அதே எஞ்சினின் நெருக்கல் விகிதம் 10.5ஆக உயர்ந்தது, சுழற்சி 7,000ஐத் தொட்டது. வலு 55 குதிரை என்று விளம்பரம் செய்தார்கள். ஆகவே எஞ்சினை மேம்படுத்தும் ஆசை இன்றைய இளைஞருக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சாலையே அதற்கு வழிகாட்டியது. வலுவைக் கூட்டியபோதும் எண்ணெய் செல்லும் வழியை மட்டும் அது பெரும்பாலும் பழையபடியே விட்டுவிட்டது. தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவ்வழியை முதலிற் பார்ப்போம். மோட்டார் காரிலே எண்ணெய் எஞ்சினின் அடித்தட்டிலேயே தங்கியிருக்கும். இவ்வகை மோட்டார் சைக்கிளிலோ எண்ணெய்க்கு வேறொரு தாங்கி உண்டு. கிராங் தண்டின் வலப்பக்க நுனியிலுள்ள திருகுப்பல் ஒரு சிறு பம்பியைச் சுழற்றுகிறது. அப்பம்பிக்குள் இரண்டு சோடிப் பற்சில்லுகள் உள்ளன. ஒரு சோடி தாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளும். மற்றைய சோடி, வேலை முடித்து அடியில் வீழ்ந்த எண்ணெயை அள்ளித் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். அள்ளும் சோடி தள்ளும் சோடியைவிடப் பெரிது. அவ்வாறு இல்லாவிடில் எஞ்சின் எண்ணெயில் மூழ்கிவிடும்.

தள்ளப்பட்ட எண்ணெய் கிராங் தண்டின் வலப்பக்கத்தைத் தாங்கும் 'புஷ்' என்ற உலோக வளையத்தை அடைகிறது. குண்டுகளோ உருளைகளோ இல்லாத வெறும் வளையம் அது. அதன் துளை வழியே எண்ணெய் உட்புகுந்து, தண்டைச் சுற்றிப் படர்ந்து, தண்டிலேயே குடையப்பட்ட வேறொரு துளைக்குள் நுழைந்து, தண்டின் உள்வழியாகச் சென்று, இரண்டு இணைப்புத் தண்டுகளின் கீழ்முனைப் போதிகைகளையும் நனைக்கிறது. கீழ்முனை என்று நாம் கூறும் இடத்தைப் பட்டறைக்காரர் 'பிக் என்ட்' என்பர். வலப்பக்கத்திலிருந்து எண்ணெய் வருவதால் இடப்பக்கப் போதிகையே கடைசிப் பந்தியில் அமர்ந்திருப்பது. பந்தியிற் பண்டம் குறைந்தால் முதலிற் பட்டினி கிடப்பதும் அதுவே.

இனி, அமுக்கம் என்பது என்ன? பலர் எண்ணுவதுபோலப் பம்பி அமுக்கத்தை உண்டாக்குவதில்லை. பம்பி எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளப்பட்ட எண்ணெய் எளிதில் வெளியேற முடியாமல் தடைப்படும்போதுதான் அமுக்கம் பிறக்கிறது. கிணற்றிலிருந்து இயந்திரத்தால் நீரிறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவோரைக் கவனியுங்கள். குழாயின் வாயைத் திறந்துவிட்டால் நீர் சளசளவென்று காலடியில் விழுகிறது. பெருவிரலால் வாயை அரைவாசி அடைத்தால் அதே நீர் நெடுந்தூரம் பீறிடுகிறது. இயந்திரம் அதேதான், வேகமும் அதேதான். மாறியது தடை மட்டுமே. குழாயின் நடுவில் ஒரு கிழிசல் ஏற்பட்டதென்று வைத்துக்கொள்வோம். நுனியில் நீர் குன்றிவிடும். அப்போது பெரிய இயந்திரம் வாங்க ஓடுபவரை அயலார் என்ன சொல்வர்? எஞ்சினின் அமுக்கம் குறைந்ததும் பெரிய பம்பி வாங்க ஓடும் அன்பர்கள் செய்வதும் அதுவேதான்.

இங்கே சிறிது விலகி, 1883ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். போஷம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இயந்திரப் பொறியியலாளர் கழகத்தின் பொருட்டுப் புகையிரத வண்டிகளின் போதிகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்திருக்க, மேலே போதிகை சுமையோடு அமர்ந்திருந்தது. எண்ணெய்க் கிண்ணம் வைப்பதற்காகப் போதிகையின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும் அத்துளை வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. அமுக்கமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலையும் கடந்தது. போதிகையின் மேல் இருந்த சராசரிச் சுமையோ 100 இறாத்தல் அளவினதே. அங்கே பம்பி எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புப்போன்ற ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்து, அதன் மேல் தானே மிதந்திருக்கிறது! மூன்று ஆண்டுகளின் பின்னர், 1886இல், மன்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஒஸ்போர்ண் ரெயினோல்ட்ஸ் இதற்குக் கணிதவழி விளக்கம் தந்தார். இன்றளவும் போதிகைகளை வகுப்போர் அவரது சமன்பாட்டையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

இதிலிருந்து நாம் அறிவது, எஞ்சினின் சுமையைத் தாங்குவது பம்பியின் 50 இறாத்தல் அமுக்கமன்று என்பதே. தாங்குவது எண்ணெய்ப் படலம். அப்படலத்தைப் படைப்பது தண்டின் சுழற்சி. பம்பியின் கடமை அப்படலத்துக்கு ஓயாது புதிய எண்ணெயை ஊட்டுவதும், சூடேறிய எண்ணெயை வெளியேற்றுவதுமாம். ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி "அமுக்கம் எவ்வளவு?" என்பது மட்டுமன்று. "எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா?" என்பதே முதற் கேள்வி.

நிற்க, நமது ஏ-65க்குத் திரும்புவோம். முன்பு கூறிய புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி இருக்கிறதென்று கொள்வோம். தேய்வினால் அது நான்கு பங்காகிறது. இடைவெளி இருமடங்கானால் கசிவும் இருமடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பர். உண்மை அதுவன்று. மெல்லிய இடைவெளியூடாகப் பாயும் திரவத்தின் அளவு அவ்விடைவெளியின் மும்மடிக்கு விகிதசமமானது. இரண்டின் மும்மடி எட்டு. அதாவது கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்வினால், அதே அமுக்கத்தில், எண்மடங்கு எண்ணெய் புஷ்ஷின் இரு ஓரங்களாலும் வழிந்து வீணே அடித்தட்டில் விழும். பம்பி தள்ளுவதில் பெரும்பகுதி அங்கேயே தொலைந்தால் அமுக்கம் எவ்வாறு நிற்கும்?

வெப்பமும் சேர்ந்து கெடுக்கிறது. 20-50 தரத்து எண்ணெயை எடுத்துக்கொண்டால், 40 பாகை சென்ரிகிறேட்டில் அதற்கிருக்கும் பாகுமை 100 பாகையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகிவிடும். காலையில் எஞ்சினை இயக்கியதும் 50 இறாத்தல் காட்டி உரிமையாளரை மகிழ்விக்கும் அமுக்கமானி, மதியவேளையில் வாகன நெரிசலில் நிற்கும்போது ஐந்துக்கு இறங்குவதன் காரணம் இதுவே. குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவைக் கொண்டு போதிகைகளின் நலத்தைத் தீர்மானிப்பது உணவுண்ட மறுகணமே ஒருவனின் பசியை அளப்பதற்கு ஒப்பாகும். அன்றியும், எஞ்சினின் பெட்டி அலுமினியத்தாலானது. புஷ்ஷின் முதுகு உருக்கு. சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். பெட்டியின் பிடி சிறிதளவே இறுக்கமாயிருந்தால், சூடேறியதும் புஷ் தளர்ந்து சுழன்றுவிடவும் கூடும். அப்போது அதன் துளை பெட்டியின் துளைக்கு நேரே நில்லாமல் விலகி எண்ணெய் அடியோடு நின்றுவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. எண்ணெய் தண்டின் மேற்பரப்பிலுள்ள துளை வழியே தண்டின் மையத்தை நோக்கிச் செல்லவேண்டும். தண்டோ சுழன்றுகொண்டிருக்கிறது, சுழற்சி எண்ணெயை வெளியே வீசி எறிய முயல்கிறது. தண்டின் ஆரத்தை 19 மில்லிமீற்றர் என்றும், எண்ணெயின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 870 கிலோகிராம் என்றும் கொண்டு கணித்தால், 7,000 சுழற்சியில் இவ்வெதிர்ப்பை வெல்ல மட்டும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12 இறாத்தல் வேண்டியிருக்கிறது. 3,500 சுழற்சியில் 3 இறாத்தலே போதும். வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்மடங்கு. சூடான எஞ்சினில் 10 இறாத்தல்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டுபவர் 7,000 சுழற்சிக்கு முடுக்குகிறார் என்றால், எண்ணெய் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. மையத்தை ஒருமுறை அடைந்துவிட்டால் அதன் பின்னர் அதே சுழற்சி எண்ணெயைக் கீழ்முனைகளை நோக்கி இழுத்துச் செல்ல உதவும். தொல்லை முழுவதும் வாசலில்தான்.

இப்போது எஞ்சினை மேம்படுத்துவதன் விளைவைச் சேர்த்துப் பாருங்கள். பிஸ்டனும் இணைப்புத் தண்டும் மேலும் கீழும் எறியப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 5,800 சுழற்சியை 7,000 ஆக்கினால் அவ்விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. நெருக்கல் விகிதத்தைக் கூட்டினால் எரிவாயுவின் தாக்குதலும் கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது, வெப்பத்தால் எண்ணெய் நீர்க்கிறது. போதிகைகள் கூடிய எண்ணெயை வேண்டி நிற்கும் அதே வேளையில் அவற்றுக்குக் கிடைப்பது குறைகிறது. சாதுவாக ஓடியவரை மறைந்திருந்த தேய்வு, வலுக் கூட்டியதும் வெளிப்பட்டுவிடுகிறது. புதிய பிஸ்டன்கள் அமுக்கத்தைக் கெடுத்தன என்று பலர் பழிசுமத்துவர், அவை காட்டிக்கொடுத்தவையே.

இத்தொல்லைக்கு மக்கள் கையாளும் பரிகாரங்கள் மூன்று. முதலாவது, தடித்த எண்ணெய் ஊற்றுவது. அமுக்கமானியின் முள் நிச்சயமாக உயரும். ஆயினும் குளிர்ந்த நேரத்தில் அத்தடித்த எண்ணெய் பம்பியின் உறிஞ்சு குழாயில் தயங்கித் தயங்கி வரும். அமுக்கம் எல்லைமீறித் தணிப்பு வால்வைத் திறந்து, எண்ணெயில் ஒரு பகுதி போதிகைகளை எட்டாமலே திரும்பிவிடும். எஞ்சின் மிகுதியாகத் தேயும் நேரங்களில் ஒன்று அதை இயக்கிய முதற் சில கணங்கள் என்பதை எண்ணினால் இப்பரிகாரத்தின் தன்மை விளங்கும். எண்ணெய் மிக நீர்த்தாலும் கேடு என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினார்கள். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயோடு கலந்து அதை நீராக்கிவிடும். அக்காலத்தில் அளவுகோலில் எண்ணெய் குறையாமல் நின்றதைக் கண்டு மகிழ்ந்திருக்க முடியாது. குறையாமல் நின்றதே ஆபத்தின் அடையாளமாயிருந்திருக்கும்.

இரண்டாவது பரிகாரம், தணிப்பு வால்வின் வில்லுக்குப் பின்னால் ஒரு வளையத்தை வைத்து அதை இறுக்குவது. இது சிந்தியாது செய்யும் காரியம். இவ்வால்வு திறப்பது அமுக்கம் ஏறத்தாழ 50 இறாத்தலை எட்டும்போதுதான். சூடான எஞ்சினில் அமுக்கம் 15 இறாத்தலே இருக்குமாயின் வால்வு முன்னமே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடுவதால் என்ன பயன்? வால்வின் இருக்கையில் தூசு சிக்கி அது முற்றாக மூடாமல் இருந்தால் மட்டும் அதைக் கழற்றித் துப்புரவு செய்வது பலனளிக்கும்.

மூன்றாவது, நாம் முன்பு கூறிய பெரிய பம்பி. தேய்ந்த பம்பியை மாற்றுவது வேறு. நல்ல பம்பி இருக்கையில் பெரியதைத் தேடுவது வேறு. ஓட்டை புஷ்ஷில் இருக்கும்போது பெரிய பம்பி கூடுதலான எண்ணெயை அதே ஓட்டை வழியாகக் கொட்டும். அடியில் விழுந்த எண்ணெயை அள்ளும் சோடி திணறும். எண்ணெய் உருளைச் சுவர்களில் வாரியடிக்கப்படும். புகைக்குழாய் நீலப்புகை கக்கும்.

இவற்றையெல்லாம்விட விபரீதமான ஒன்று உண்டு. கிராங் தண்டின் உள்வழியில் ஒரு கசடுப்பொறி அமைக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியின் வேகத்தால் எண்ணெயிலுள்ள கனமான அழுக்குகள் வெளிச்சுவரில் ஒதுங்கித் தங்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். நல்ல யோசனைதான், ஆனால் அப்பொறியைத் துப்புரவு செய்யவேண்டுமானால் எஞ்சினை முற்றாகப் பிரித்துத் தண்டை வெளியே எடுக்கவேண்டும். பல எஞ்சின்கள் பல்லாண்டுகளாக அவ்வாறு பிரிக்கப்படாமலே கைமாறி வந்துள்ளன. களிமண்போல இறுகிய கசடு படிப்படியாக வழியை ஒடுக்கிவிடும். அப்போது அமுக்கமானி என்ன காட்டும்? அமுக்கம் குறையாது, கூடும்! பம்பிக்கும் போதிகைக்கும் இடையே தடை கூடியதல்லவா? அமுக்கமானி பொருத்தப்பட்டிருப்பது அத்தடைக்கு முன்னால். முள் நிமிர்ந்து நிற்கும். உரிமையாளர் நிம்மதியாக ஓட்டுவார். போதிகைகள் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். குறைந்த அமுக்கம் எச்சரிக்கையாவது செய்கிறது. இப்பொய்யான உயர் அமுக்கம் அதையும் செய்வதில்லை. ஆகவே ஒரு பழைய எஞ்சினை வலுவூட்டத் துணிபவர் பிஸ்டன் வாங்குவதற்கு முன்னர் கசடுப்பொறியைத் திறந்து பார்த்தே தீரவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. இதைச் செய்யாது மேற்பாகத்தை மட்டும் பிரித்துப் புதுப்பிப்பவர் வீட்டுக் கூரையைத் தங்கத்தால் வேய்ந்து அத்திவாரத்தைக் கறையானுக்கு விட்டவராவார்.

அமுக்கம் குறைந்த எஞ்சினை ஆராய்வதில் மலிவானதிலிருந்து விலைகூடியதற்குச் செல்லுதல் நன்று. முதலில் அமுக்கமானியையே ஐயுறுங்கள். வேறொன்றைப் பொருத்தி ஒப்பிடுங்கள். அடுத்து, தாங்கியில் எண்ணெய் மட்டம், உறிஞ்சு குழாயின் இணைப்புக்கள், வலைச்சல்லடை. உறிஞ்சு குழாயில் நுண்ணிய வெடிப்பிருந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே புகும். ஆகவே நிலத்தில் எண்ணெய்த்துளி இல்லை என்று மகிழ்வதற்கில்லை. பின்னர் தணிப்பு வால்வு. அதன் பின்னர் பம்பி: அதன் உடல் மெல்லிய வார்ப்புலோகமாயின், மரைகளை அளவுக்குமீறி இறுக்கிய யாரோ ஒருவரால் கோணியிருத்தல் கூடும். இவையெல்லாம் சீராயிருந்தும் அமுக்கம் சூட்டில் விழுமாயின், புஷ்ஷை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தண்டின் விட்டத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்தாற் போதாது; தேய்ந்த தண்டு வட்டமாயிராமல் முட்டைவடிவமாயிருக்கும்.

புஷ்ஷைச் சீர்செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையிலேயே புதிய புஷ்ஷை இட்டு, எதிர்ப்பக்கப் போதிகையோடு ஒரே நேர்கோட்டில் அதன் துளையைக் குடைவித்தல் முதல்வழி. 'ஒரே நேர்கோட்டில்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். புஷ்ஷை அடித்து இறக்கிவிட்டு அப்படியே தண்டை நுழைப்பவரின் உழைப்பு, மிகச் சிறிய கோணத்தவறினாலும் சில நூறு மைல்களில் பாழாகும். இரண்டாவது வழி, புஷ்ஷையே ஒழித்துவிட்டு அவ்விடத்தில் ஊசியுருளைப் போதிகையைப் பொருத்துவது. தண்டு பக்கவாட்டில் அசையாதிருக்கக் குண்டுப்போதிகையொன்றையும் உடன் வைப்பர். உருளைப் போதிகைக்கு அமுக்கத்தோடு எண்ணெய் ஊட்ட வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் தெறிக்கும் எண்ணெயே போதும். எண்ணெயைப் பக்கமூடியிலிருந்து தண்டின் நுனி வழியாக, நேரே மையத்துக்குள் செலுத்துவர். வாசலில் கசிவில்லை, மையத்தை நோக்கி ஏறும் போராட்டமும் இல்லை. எஞ்சியிருப்பது கீழ்முனைகளின் ஓரத்தால் நிகழும் கசிவு. அதுவோ நாம் விரும்பும் கசிவே. எண்ணெய் போதிகையைக் கடந்து சென்றதற்கு அத்தாட்சி அது.

இந்த இரண்டாவது வழியில் வியப்பென்னவென்றால், இது புதுமையன்று என்பதே. எட்வேர்ட் டேணர் வகுத்து 1937இல் வெளிவந்த ட்றயம்ப் 'ஸ்பீட் டுவின்' எஞ்சினில் கிராங் தண்டின் இருபுறமும் குண்டுப்போதிகைகள். எண்ணெய் செல்வது தண்டின் நுனி வழியாக. 1951இல் ட்றயம்ப் கம்பனியைப் பி.எஸ்.ஏ. விலைக்கு வாங்கியது. அதன் பின்னர் பதினோராண்டு கழித்து ஏ-65 பிறந்தபோதும், தன் குடும்பத்துக்குள்ளேயே இருந்த நல்ல வழியைப் பி.எஸ்.ஏ. கைக்கொள்ளவில்லை. ட்றயம்புக்கும் குறையில்லாமலில்லை. தண்டின் நுனி நுழையும் பக்கமூடியில் முன்னர் ஒரு சிறு புஷ்ஷும், 1963 முதல் வந்த பெரிய எஞ்சின்களில் ஒரு றப்பர் முத்திரையும் இருந்தன. அச்சிறு பொருள் தேய்ந்தாலும், பொருத்தும்போது மடிந்தாலும், அமுக்கம் அங்கேயே தொலைந்துவிடும். விலையில் மிக அற்பமான அந்த முத்திரையை மாற்றாமல் பழையதையே இட்டு மூடுபவரின் சிக்கனத்தை நாம் பாராட்ட மாட்டோம்.

இரு வழிகளுள் எதைத் தெரிவது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது மைல் வேகத்தில் உலாவ விரும்புவோருக்கு ஒழுங்காகக் குடையப்பட்ட புதிய புஷ்ஷும், ஆயிரம் மைலுக்கொருமுறை எண்ணெய் மாற்றும் பழக்கமும் போதும். அவர்கள் நெருக்கல் விகிதத்தையும் கூட்டாது விட்டால் எஞ்சின் நீடு வாழும். 'ஸ்பிற்பயர்' ஓட்டம் வேண்டுமென்போர் தண்டின் நுனிவழியை அமைத்தே ஆகவேண்டும். பழமையின் தூய்மை கெட்டுவிடும் என்று சிலர் முணுமுணுப்பர். உடைந்த எஞ்சின் பெட்டியில் பழமையின் தூய்மை எங்கே இருக்கிறது?

சில்லறை விடயங்கள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். இவ்வெஞ்சின்களில் கடதாசி வடிகட்டி இல்லை, வலைச்சல்லடைகளே உண்டு. வடிகட்டி பொருத்துவோர் அதை எண்ணெய் திரும்பிச் செல்லும் குழாயிலே வைக்கவேண்டும். உறிஞ்சு குழாயில் வைத்தால் வடிகட்டி அடைபட்ட அன்றே போதிகைகள் பட்டினி கிடக்கும். மற்றது, வண்டி பல நாள் நின்றால் தாங்கியிலுள்ள எண்ணெய் பம்பி வழியே மெல்லக் கசிந்து அடித்தட்டை நிரப்பிவிடுவதுண்டு. இதைத் தடுக்க உறிஞ்சு குழாயில் ஒரு திருகு குழாய்வாயைப் பொருத்துவர் சிலர். அதைத் திறக்க மறந்து எஞ்சினை இயக்கினால் என்னாகும் என்பது வெளிப்படை. எண்ணெய்வழியில் இதற்கென்றே ஒரு சிறு குண்டும் வில்லும் உள்ளன. அவற்றின் இருக்கையைச் சீர்செய்வதே நேரான பரிகாரம். அப்படியும் திருகுவாய் வேண்டுமென்போர், அது மூடியிருக்கும்போது தீப்பொறி எழாதவாறு மின்சுற்றோடு இணைக்கப்பட்டதையே வாங்குதல் வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின்னர் உடனே உதைத்து இயக்கிவிடலாகாது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, எண்ணெய்வழியைப் புதிய எண்ணெயால் நிரப்பி, அமுக்கமானியின் முள் அசையும் வரை காலால் மெதுவாகப் பன்முறை மிதித்துச் சுழற்றவேண்டும். பின்னரே செருகிகளை இட்டு இயக்கலாம். பத்து மைல் ஓடி நன்கு சூடேறிய பின்னர் எடுக்கும் அளவையே குறித்துவைக்க வேண்டும். பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கு அதுவே உதவும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் தாங்கியின் மூடியைத் திறந்தால், திரும்புகுழாயின் வாயிலிருந்து எண்ணெய் தாரையாக வராமல் காற்றோடு கலந்து விட்டுவிட்டுத் தெறிப்பதைக் காணலாம். அதைக் கண்டு அஞ்சி மீண்டும் எஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு. அள்ளும் சோடி தள்ளும் சோடியைவிடப் பெரிதென்று முன்னரே கூறினோம். எண்ணெய் முழுவதையும் அள்ளிய பின்னர் அது காற்றையும் அள்ளுகிறது. அவ்வாறு தெறிப்பதே அதன் இயல்பான ஓட்டம்.